கனடாவில் கிரெடிட் ஸ்கோர் இல்லாமல் வீட்டுக் கடன்: ஊரில் இருக்கும் அப்பாவும் படிக்க வேண்டியது

ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கேரள-தமிழக எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் பஸ் இறங்கிய மறுநாளிலிருந்து திண்ணையில் ஒரே கேள்விதான். ஒருவருடைய பையன் பிராம்ப்டனில் இருக்கிறான், இன்னொருவருடைய பெண் எட்மண்டனில், வேலந்தாவளத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மருமகன் ஹாமில்டனில். "தம்பி, அவனுக்கு அங்க ஸ்கோரே இல்லையாமுங்க, பேங்க்ல லோன் குடுக்க மாட்டாங்களாமா. தோப்ப வித்து மொத்தமா அனுப்பிரலாமுங்களா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் அங்கே இருக்கிற பிள்ளைக்கும் இங்கே இருக்கிற பெற்றோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

கடன் கிடைக்கும், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டும் ஆளா என்று காட்டும் மதிப்பெண், இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரும் கதவைச் சாத்திவிடுவதில்லை. ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் வேலந்தாவளம் செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றது ஞாபகம் இருக்கும். தேங்காய் நல்ல தேங்காய்தான், சொந்தத் தோப்பில் போட்டதுதான், ஆனாலும் பில் இல்லாவிட்டால் லோடு நகராது. கனடா வங்கிக்காரரும் அந்தச் சாவடியில் உட்கார்ந்திருந்தவர் மாதிரிதான். உங்களிடம் எவ்வளவு காசு இருக்கிறது என்பது அவருக்கு இரண்டாவது கேள்வி. அது எந்த வழியாக வந்தது, மாதா மாதம் எந்த வழியாகப் போகிறது, அதற்குக் காகிதம் எங்கே என்பதுதான் முதல் கேள்வி.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் முறை விண்ணப்பித்தபோது ஒரு வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினான்கு மாதம் பேஸ்மென்டில் குடியிருந்தேன், ஒரு மாதம்கூட வாடகை தவறியதில்லை, எல்லாவற்றையும் ரொக்கமாக வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். ரசீது கேட்கக் கூச்சம். ஒழுங்காகக் கட்டினேன் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும், காகிதத்தில் நான் வாடகையே கட்டாத ஆள்.

முதலில் வாங்க உரிமை இருக்கிறதா

இதைப் பார்க்காமலே வீடு தேடிக்கொண்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் 2023 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவர் குடியிருப்பு வீடு வாங்கத் தடை இருக்கிறது, அதை 2027 ஜனவரி 1 வரை நீட்டித்திருக்கிறார்கள். பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை, கிடைத்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் வாங்கலாம், ஆனால் வாங்கும் நாளில் பெர்மிட்டில் குறைந்தது 183 நாள் பாக்கி இருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. மாணவர் விசாவில் இருப்பவருக்கு ஐந்து வருட வரித் தாக்கல், வருடத்துக்கு 244 நாள் நாட்டில் தங்கியிருத்தல், 5 லட்சம் டாலருக்கு மிகாத விலை என்று நிபந்தனைகள் வைத்திருப்பதால் அதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

தடை இல்லை என்பதற்காக ஒர்க் பெர்மிட்டோடு ஒன்டாரியோவில் உடனே வாங்கிவிடாதீர்கள். அங்கே பிஆரோ குடியுரிமையோ இல்லாதவர் வீடு வாங்கினால் 25 சதவீதம் தனி வரி, 2022 அக்டோபர் 25 முதல் மாகாணம் முழுக்க அமலில் இருக்கிறது. டொரண்டோ நகரத்துக்குள் என்றால் 2025 முதல் அதற்கு மேல் இன்னொரு 10. நான்கு வருடத்துக்குள் பிஆர் வந்தால் மாகாணத்துக்குக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம்தான், ஆனால் 6 லட்சம் டாலர் வீட்டுக்கு ஒன்றரை லட்சத்தை முதலில் கையிலிருந்து எடுத்து வைக்க யாரால் முடியும். ஒன்டாரியோவில் இருந்தால் பிஆர் வரும்வரை பொறுங்கள். அந்தக் காலத்தைக் கீழே சொல்வதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அல்பர்ட்டாவில் இப்படி ஒரு வரி கிடையாது.

ஸ்கோர் இல்லாதவர் எதைக் காட்டலாம்

கனடாவில் ஸ்கோர் 300-லிருந்து 900 வரை, ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று இரண்டு நிறுவனங்கள் கணக்கு வைக்கின்றன. இந்தியாவில் உங்களுக்கு இருக்கும் சிபில் ஸ்கோர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது தானாக விமானம் ஏறி வராது. ஆனால் சிபில் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காரணம் சொல்கிறேன்.

20 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் போட்டு வாங்கினால் கடனுக்குக் காப்பீடு கட்டாயம். இது வங்கியைக் காப்பாற்றும் காப்பீடு, பிரீமியம் மட்டும் உங்கள் தலையில். மூன்று நிறுவனங்கள் இதைத் தருகின்றன: அரசாங்கத்தின் சிஎம்எச்சி, தனியாரான சேஜன், கனடா கேரன்ட்டி. உங்களுக்குக் கடன் தரலாமா என்று உண்மையில் முடிவு செய்வதில் இவர்களுக்குத்தான் பெரிய பங்கு, புதிதாக வந்தவர்களுக்கு வழி வைத்திருப்பவர்களும் இவர்கள்தான். உதாரணமாகச் சேஜன் திட்டத்தில், நாட்டுக்கு வந்து ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், கனடாவில் மூன்று மாதமாவது முழுநேர வேலை பார்த்திருக்க வேண்டும். முன்பணம் 10 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் வங்கியின் பரிந்துரைக் கடிதமோ ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்டோ போதும். அதற்குக் குறைவு என்றால் வெளிநாட்டு கிரெடிட் ரிப்போர்ட் கேட்பார்கள், நமக்கு அது சிபில் ரிப்போர்ட்தான், அது இல்லையென்றால் பன்னிரண்டு மாதம் வாடகை ஒழுங்காகக் கட்டிய சான்றும், கூடவே மின்சாரம், போன், கார் காப்பீடு மாதிரி ஏதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு மாதம் கட்டிய சான்றும். சிஎம்எச்சியும் உள்ளூர்க் கடன் வரலாறு இல்லாதவரிடம் இப்படிப்பட்ட மாற்றுச் சான்றுகளை ஏற்றுக்கொள்கிறது. பெரிய வங்கிகள் பலவும் புதிதாக வந்தவர்களுக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கின்றன.

அதனால் இறங்கிய முதல் மாதத்திலிருந்தே வாடகையை வங்கிக் கணக்கிலிருந்து நேரே அனுப்பும் இன்டராக் இ-டிரான்ஸ்பரில் அனுப்புங்கள், மெசேஜ் பகுதியில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். நம் பையன்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுப்பார்கள், ஒருவன் பெயரில் ஒப்பந்தம் இருக்கும், மற்றவர்கள் அவன் கையில் பணத்தைத் திணிப்பார்கள். பன்னிரண்டு மாதம் கழித்து ஒப்பந்தத்தில் பெயர் இருக்கிறவனுக்கு மட்டும் சான்று இருக்கும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. எல்லோர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும், அவரவர் பங்கை அவரவர் கணக்கிலிருந்து அனுப்பட்டும். இன்டர்நெட், கரண்ட் பில்லையும் ஆளுக்கொன்றாகப் பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் ரொக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், வாடகை ஐம்பது டாலர் கூடப் போனாலும் பரவாயில்லை, வேறு வீடு பாருங்கள் என்பேன்.

அப்புறம் கிரெடிட் கார்டு. வந்தவுடன் வங்கி ஒன்று கொடுக்கும், கொடுக்காவிட்டால் பணத்தை டெபாசிட்டாகக் கட்டி வாங்கும் கார்டு இருக்கிறது, அதையாவது எடுங்கள். வரம்பு ஆயிரம் டாலர் என்றால் முந்நூறுக்குள் செலவு வைத்துக்கொண்டு மாதம் முழுத் தொகையையும் கட்டுங்கள். மறந்துபோகிற ஆள் என்றால் ஆட்டோ பே. போனைப் போஸ்ட்பெய்டாக உங்கள் பெயரில் எடுங்கள். இரண்டு கணக்கு, இரண்டு வருடம், தவறாத கட்டணம் என்று இருந்தால் இந்த மாற்றுச் சான்று எதுவும் தேவைப்படாமலே சாதாரண வரிசையில் நின்று கடன் வாங்கலாம். மாலில் தள்ளுபடி தருகிறேன் என்று ஒவ்வொரு கடைக்காரரும் நீட்டும் கார்டுக்கெல்லாம் கையெழுத்துப் போடாதீர்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் பதிவாகும்.

இங்கே ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. ஊரில் கேஎஸ்எஃப்இ சிட்டி (கேரள அரசு நிறுவனத்தின் சீட்டு) பிடித்தவர் வந்து நின்றால், ஜாமீன் கையெழுத்துப் போடாமல் அனுப்ப மனசு வராது. கனடாவில் நண்பன் கார் வாங்க நீங்கள் கோ-சைன் செய்தால் அந்தக் கடன் முழுவதும் உங்கள் பெயரிலும் எழுதப்படும். அவன் ஒழுங்காகக் கட்டினாலும் உங்கள் வீட்டுக் கடன் தகுதி குறையும், கட்டாவிட்டால் ஸ்கோரும் போச்சு, நட்பும் போச்சு.

கணக்கு

முன்பணம் குறைந்தபட்சம் எவ்வளவு என்பது விலையைப் பொறுத்தது. முதல் 5 லட்சம் டாலருக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 15 லட்சம் வரை உள்ள பகுதிக்கு 10 சதவீதம், 15 லட்சம் தாண்டினால் மொத்தத்துக்கும் 20. இந்த 15 லட்சம் வரம்பு 2024 டிசம்பர் 15-இல் வந்தது, அதற்கு முன் 10 லட்சமாக இருந்தது.

ஒன்டாரியோவில் 6 லட்சம் டாலரில் ஒரு டவுன்ஹவுஸ் என்று வையுங்கள். முன்பணம் 25,000 சேர் 10,000, ஆக 35,000. கடன் 5,65,000. காப்பீட்டு பிரீமியம் 4 சதவீதம், அதாவது 22,600, இதைக் கடனோடு சேர்த்துவிடுவார்கள். ஆனால் அந்த பிரீமியத்தின் மேல் ஒன்டாரியோ போடும் 8 சதவீத விற்பனை வரி 1,808 டாலரைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். நிலப் பரிமாற்ற வரி 8,475. வக்கீல் கட்டணம் தனி. காப்பீட்டோடு வாங்குபவர், முன்பணம் போக விலையில் ஒன்றரை சதவீதம், இந்தக் கணக்கில் 9,000 டாலர், கையில் இருப்பதாகக் காட்டவும் வேண்டும். ஆக 35,000 இருந்தால் வீடு வாங்கிவிடலாம் என்று நினைத்தவர் 45,000-க்கு மேல் வைத்திருக்க வேண்டும்.

சம்பளம் எவ்வளவு வேண்டும்? ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தரும் வட்டியோடு 2 சேர்த்து, அல்லது 5.25, இரண்டில் எது அதிகமோ அந்த வட்டியிலும் உங்களால் கட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். 4.5 சதவீதத்தில் வாங்கினால் 6.5-இல் கணக்குப் போடுவார்கள். மேலே சொன்ன வீட்டுக்கு, பிரீமியமும் சேர்ந்த கடனுக்கு, 25 வருடத் தவணை இந்த வட்டியில் மாதம் சுமார் 3,940 டாலர். சொத்து வரி 400, வீட்டைச் சூடாக்க 100 என்று வைத்தால் 4,440. இந்தத் தொகை வரி பிடிப்பதற்கு முன்னான சம்பளத்தில் 39 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கணவன் மனைவி இருவர் சம்பளமும் சேர்ந்து வருடத்துக்கு ஏறக்குறைய 1,36,500 டாலர் வேண்டும். முதல் வீடு வாங்குபவர் 30 வருடத் தவணை எடுக்கலாம், மாதத் தொகை குறையும், பிரீமியம் 0.20 சதவீதம் கூடும்.

மற்ற கடன் தவணைகளையும் சேர்த்தால் 44 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான். வந்த ஆறாவது மாதம் புதுக் கார், மாதம் 600 டாலர் தவணை. வேறு தவணைகளால் ஏற்கெனவே 44-ஐத் தொட்டுவிட்டவருக்கு அந்த 600, மேலே போட்ட அதே வட்டியில், கிட்டத்தட்ட 90,000 டாலர் வீட்டுக் கடனைத் தின்றுவிடும். பனியில் பஸ்ஸுக்கு நிற்பது கஷ்டம்தான், நானும் நின்றிருக்கிறேன், பழைய கார் ஒன்றை ரொக்கத்துக்கு வாங்கி ஓட்டுங்கள். ஊரில் தோப்பை ஈடு வைத்து எடுத்த படிப்புக் கடனின் மாதத் தவணையும் இந்தக் கணக்கில் வரும். அதை மறைக்க வேண்டாம், ஊர்க் கடன்தானே என்று விட்டுவிட்டால் சிபில் ரிப்போர்ட்டைக் கொடுக்கும் அன்றைக்கு அதில் பளிச்சென்று தெரியும்.

வேலை விஷயத்தில், ப்ரொபேஷன் முடிந்திருக்க வேண்டும், நிறுவனத்தின் கடிதமும் கடைசிச் சம்பளச் சீட்டுகளும் வேண்டும். ஊபர் ஓட்டுவது, டெலிவரி செய்வது எல்லாம் சொந்தத் தொழில் கணக்கு, பொதுவாக இரண்டு வருட வரி மதிப்பீட்டுத் தாள் கேட்பார்கள்.

தோப்புப் பணம்

இனி பெற்றோருக்கு. நீங்கள் பிள்ளைக்குத் தரும் பணத்துக்கு இந்தியாவிலும் பிள்ளைக்கு வரி இல்லை, கனடாவிலும் இல்லை. தருவது பெற்றோர், உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி என்று நெருங்கிய உறவாக இருந்தால் வங்கி அதை முன்பணமாக ஏற்றுக்கொள்ளும். சித்தப்பா, மாமா பணம் என்றால் முகம் சுளிப்பார்கள். ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள்: இது அன்பளிப்பு, கடன் அல்ல, திருப்பித் தர வேண்டியதில்லை என்று. போன வாரம் ஒரு மாமா இந்த இடத்தில் மடக்கினார். "அதெப்படி கண்ணு அப்படி எழுதறது? தங்கச்சி கல்யாணத்துக்கு அவன்தான குடுக்கோணும்?" நாளைக்கு மகன் தங்கைக்குச் செய்வது குடும்ப விஷயம், அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் உண்மையிலேயே மாதா மாதம் திருப்பித் தருவதாகப் பேசியிருந்தால் அது கடன்தான், பிள்ளை வங்கியிடம் கடன் என்றே சொல்ல வேண்டும். பொய்க் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அனுப்பும் வழி ஒன்றே ஒன்றுதான், வங்கி. எல்ஆர்எஸ் திட்டத்தில் இந்தியாவில் குடியிருக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். பான் கார்டு வேண்டும், ஏ2 படிவம் நிரப்ப வேண்டும். சின்னக் கிளையில் இதைச் செய்யத் தடுமாறினால் பாலக்காடோ கோயம்புத்தூரோ போய்ப் பெரிய கிளையில் கேளுங்கள், அரை நாள் போகும், வேலை முடியும்.

வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பினால் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியைப் பிடிக்க மாட்டார்கள். அதைத் தாண்டிய தொகைக்கு அன்பளிப்பு என்றால் 20 சதவீதம் பிடிப்பார்கள். அப்பா ஒருவரே ஒரே வருடத்தில் 40 லட்சம் அனுப்பினால் 30 லட்சத்துக்கு 20 சதவீதம், 6 லட்சம் ரூபாய் பிடித்தம். அது போய்த் தொலைந்த காசு அல்ல, வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்ப வாங்கலாம். ஆனால் வரும்வரை காத்திருக்க வேண்டும், வீடு வாங்கும் சமயத்தில் 6 லட்சம் முடங்கினால் கஷ்டம். அதே 40 லட்சத்தை மார்ச்சில் அப்பா 10, அம்மா 10, ஏப்ரலில் புது நிதியாண்டு பிறந்ததும் அப்பா 10, அம்மா 10 என்று அனுப்பினால் பிடித்தமே இல்லை. அம்மா பெயரில் கணக்கும் பானும், அனுப்புகிற பணம் அவர் கணக்கில் முறையாக வந்ததும் இருக்க வேண்டும். அதே வருடம் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கையிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தால் அதுவும் இந்தப் பத்துக்குள் சேரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது தோப்பு விற்பனை. நம் பக்கம் நடக்கிற விதம் உங்களுக்கே தெரியும். கேரளாவில் முத்திரைத் தீர்வை 8, பதிவுக் கட்டணம் 2, சேர்த்து 10 சதவீதம், அதனால் வாங்குகிறவர் ஆதாரத்தில், அதாவது விற்பனைப் பத்திரத்தில், விலையைக் குறைத்துப் போடச் சொல்வார், மிச்சத்தைப் பையில் கொண்டுவந்து கொடுப்பார். எங்கள் வீட்டிலேயே நடந்தது. அப்பா தோப்பில் ஒரு பகுதியை விற்றபோது ஆதாரத்தில் ஏறிய தொகைதான் வங்கிக்கு வந்தது, அதை மட்டும்தான் எனக்கு அனுப்ப முடிந்தது. பையில் வந்தது பீரோவில் கிடந்தது. எனக்கு முன்பணம் பற்றவில்லை, வீட்டில் காசு இருந்தும் நான் இன்னொரு வருடம் வாடகை கட்டினேன். சட்டப்படியும் தப்பு, பிள்ளைக்கும் உதவாது. பிள்ளையின் வீட்டுக்காக விற்பதென்றால் முழு விலையையும் ஆதாரத்தில் போட்டு, முழுப் பணத்தையும் வங்கி வழியாக வாங்குங்கள். கிராமப் பஞ்சாயத்தில் இருக்கும் விவசாய நிலத்தை விற்றால் பெரும்பாலும் மூலதன ஆதாய வரி கிடையாது, அதனால் முழு விலையைக் காட்டப் பயப்படத் தேவையில்லை. சித்தூர்–தத்தமங்கலம் நகராட்சியை ஒட்டிய நிலம் என்றால் மட்டும் தூரக் கணக்கு வரும், ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பீரோப் பணத்தை அனுப்ப இன்னொரு ஆள் இருக்கிறார் என்று யாராவது காதில் சொல்வார்கள். ஹவாலாதான், நம் பக்கம் பெயர் குழல்பணம், டொரண்டோவில் இலங்கைத் தமிழர்கள் சொல்வது உண்டியல். சட்ட விரோதம் என்பது ஒரு பக்கம், அப்படி வந்து சேரும் டாலர் கட்டு வீடு வாங்க உதவவே உதவாது. வங்கி கடைசி 90 நாள் ஸ்டேட்மென்டைக் கேட்கும், அதில் எங்கிருந்தோ வந்து விழுந்த ரொக்கத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்? மாறாக, வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வருகிற தொகை 10,000 டாலரோ அதற்கு மேலோ என்றால், பணப் பரிமாற்றங்களைக் கண்காணிக்கும் ஃபின்ட்ராக் என்ற கனடா அரசு அமைப்புக்குத் தெரிவிக்கப்படும், அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், வெறும் பதிவுதான். முடிந்தால் வீடு பார்க்கத் தொடங்குவதற்கு நான்கு மாதம் முன்பே பணத்தை அனுப்பிவிடுங்கள். 90 நாள் கடந்த பணத்தைக் குடைவது குறைவு.

தோப்பு பிள்ளையின் பெயரிலேயே இருந்தால் வழி வேறு. வெளிநாட்டில் வாழும் இந்தியர் விவசாய நிலத்தை இந்தியாவில் குடியிருப்பவருக்குத்தான் விற்கலாம், பணம் அவருடைய என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் வாழ்பவர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் கணக்கு) வர வேண்டும், அங்கிருந்து ஆடிட்டர் சான்றோடு நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம்.

காகிதங்களில் எல்லைக்காரர்களுக்கென்று ஒரு தலைவலி இருக்கிறது, பெயர். ஆதாரத்தில் மலையாளத்தில் பழனிசுவாமி, ஆதார் அட்டையில் பழனிச்சாமி, பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் வெறும் பழனி, வங்கிப் புத்தகத்தில் முன்னால் ஓர் இனிஷியல். பணம் அனுப்பியவரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் அப்பாவும் ஒரே ஆள்தானா என்று கேட்டால் கனடாவில் இருக்கிற அதிகாரிக்கு எப்படிப் புரியவைப்பது? கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா மையத்தில் விண்ணப்பித்தால் வில்லேஜ் ஆபீசிலிருந்து 'ஒன் அண்ட் தி சேம்' சான்றிதழ் கிடைக்கும், இந்த இரண்டு பெயரும் ஒருவரே என்று. முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். ஆதாரத்தைக் காட்டச் சொன்னால் மலையாளத்தில் இருப்பதை அப்படியே அனுப்பிப் பயனில்லை, சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

ஊர் வீடு உங்கள் பெயரில் இருந்தால்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒன்டாரியோவில் முதல் வீடு வாங்குபவருக்கு நிலப் பரிமாற்ற வரியில் 4,000 டாலர் வரை திரும்பக் கிடைக்கும், டொரண்டோவுக்குள் என்றால் நகர வரியில் 4,475 வரை கூடுதலாக. பிஆரோ குடியுரிமையோ வேண்டும், அத்தோடு உலகத்தில் எங்கேயும் எப்போதும் வீடு சொந்தமாக இருந்திருக்கக் கூடாது. எருத்தேம்பதியில் இருக்கும் ஓட்டு வீட்டில் பாதிப் பங்கு உங்கள் பெயரில் இருந்தாலும் அது வீடுதான். நம் பக்கம் பிள்ளை விமானம் ஏறும் முன் அப்பா வீட்டைப் பிள்ளைக்கு இஷ்டதானம் (தானப் பத்திரம்) எழுதி வைத்துவிடுவது ஒரு வழக்கம், பின்னால் தகராறு வேண்டாம் என்று. நல்ல எண்ணம்தான், ஆனால் அவசரம் இல்லையென்றால் கொஞ்சம் பொறுக்கலாம். ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்றால் இருப்பதை இல்லை என்று கையெழுத்துப் போடாதீர்கள், 4,000 டாலர் போனால் போகட்டும்.

சேமிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: எஃப்எச்எஸ்ஏ என்ற கணக்கில் வருடத்துக்கு 8,000 டாலர், மொத்தம் 40,000 வரை போடலாம், போட்ட தொகைக்கு வருமான வரி குறையும், முதல் வீடு வாங்க எடுத்தால் வரி இல்லை. தகுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முதல் வருடமே திறந்து வையுங்கள்.

புரோக்கரும் கடைசி நாளும்

நேராக ஒரே வங்கியில் போய் நிற்பதைவிட, புதிதாக வந்தவர்களின் கோப்புகளைப் பார்த்துப் பழகிய மார்ட்கேஜ் புரோக்கரிடம் போங்கள். சாதாரண வங்கிக் கடனுக்குப் பொதுவாக அவருக்கான கூலியை வங்கியே கொடுத்துவிடும். உங்களிடம் கட்டணம் கேட்கிறார் என்றால் உங்களை அதிக வட்டிக்காரரிடம் கொண்டுபோகிறாரா என்று கேளுங்கள். சம்பளச் சீட்டை நானே தயார் செய்து தருகிறேன், வருமானத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடலாம் என்று தமிழிலேயே அன்பாகப் பேசுகிறவர்களும் உண்டு. எழுந்து வந்துவிடுங்கள். வங்கி உங்கள் வரி மதிப்பீட்டுத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கும், அகப்பட்டால் வீடும் போய் பிஆர் விஷயத்திலும் சிக்கல் வரும்.

முன் அனுமதி வாங்கிவிட்டால் 90 நாளோ 120 நாளோ வட்டி விகிதத்தைப் பிடித்து வைப்பார்கள். அது கடன் கிடைத்துவிட்டது என்ற அர்த்தம் இல்லை. வீட்டை ஒப்புக்கொண்ட பிறகு கோப்பை முழுதாகப் பார்த்துத்தான் கடைசி முடிவு, அதனால் விலை பேசும்போது 'கடன் கிடைத்தால்' என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். சாவி கைக்கு வரும்வரை வேலை மாறாதீர்கள், கார் வாங்காதீர்கள், சோஃபாவைக்கூடத் தவணையில் எடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் க்ளோசிங் தேதியை, அதாவது வீடு கைமாறும் நாளை, எழுதும் முன் ஊருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். எழுதிய பிறகு அம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டி அன்றைக்கு அஷ்டமி என்று சொன்னால் மாற்றுவது கஷ்டம், விற்பவர், இரண்டு வக்கீல், வங்கி எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். சனி ஞாயிறு நடக்காது, வேலை நாளாக இருக்க வேண்டும், சாவி கைக்கு வரப் பெரும்பாலும் மதியம் தாண்டிவிடும். அதனால் காலையில் பிரம்ம முகூர்த்தத்தில் பால் காய்ச்சல் என்று ஊரில் நாள் குறித்துக் கொடுத்தால், அதை அடுத்த வாரத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.